தொட்டிலருகே ஒரு குரல்



பாட்டு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரிய ஓசைதான். தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி முழங்கினால் கால் தானாக ஆடும். தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைக்குக் கடை பாட்டு போட்டி போடும். அந்த ஓசை வேண்டியதே. ஆனால் இன்று நாம் எண்ணிப் பார்க்கப்போவது அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காத பாட்டைப் பற்றி.

தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கவாத்தியம் இல்லை. பழைய சேலையில் கட்டிய தொட்டிலின் ஆட்டமே தாளம். மெட்டு நாலைந்து சுரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஓர் அடியின் நீளம், பாடுகிறவள் ஒரு மூச்சில் பாடக்கூடிய நீளம். உரக்கப் பாடினால் பிள்ளை விழித்துக்கொள்ளும். ஆகவே குரல் தாழ்கிறது. பக்கத்தில் வேறு ஓசை இல்லாததால் சொல் தெளிவாகக் கேட்கிறது. கேட்கும் பிள்ளைக்குப் பொருள் புரியாது. அதனாலேயே தாய் தன் மனத்தில் உள்ளதையெல்லாம் அங்கே கொட்டலாம். விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, நாளெல்லாம் மரம் சீவிக் களைத்தவள் தன் குறையை வேறு எங்கே சொல்வாள்?

இப்படிப்பட்ட குரலுக்கு உள்ள ஈர்ப்பைத் தமிழ்நாடும் அறியும். சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் கிராமத்து மெட்டுகளை வானொலியில் பாடினார். 1985இல் வெளிவந்த 'ஆண் பாவம்' திரைப்படத்தில் நடித்துப் பாடினார். 2025இல் மறைந்த அவரை மக்கள் நேசித்ததற்குக் காரணம் குரலின் பளபளப்பு அன்று. நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பாடுவது போன்ற நெருக்கமே காரணம்.

அமெரிக்காவிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் பெயர்பெற்ற பாடகர், 1982 ஜனவரியில் தம் வீட்டு அறையில் அமர்ந்து, கித்தாரும் வாய் ஆர்மோனிக்காவும் துணையாகச் சில பாடல்களைக் கேசட்டில் பதிந்தார். வேலை போனவர், கடனில் சிக்கியவர் கதைகளும் அவற்றுள் இருந்தன. அந்தக் கேசட் வெறும் மாதிரிதான். பிறகு இசைக்குழுவைக் கூட்டி அவற்றை மீண்டும் பாடிப் பார்த்தார். ஓசை பெருகியது, உயிர் குறைந்தது. முடிவில் அந்த வீட்டுப் பதிவையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அவ்வாண்டே வெளியிட்டார்கள். தனித்திருக்கும் ஒருவனின் துயரத்தைத் தனிக்குரலே சொல்ல முடியும் என்பதை அந்த இசைத்தட்டு காட்டியது.

நேயர்களே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த ஷா ஆலம், 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது. சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் இன்று சுபாங் ஜெயா நிற்கிறது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள் அம்மியையும் சாமி படத்தையும் எடுத்துச் செல்லலாம். பாட்டு மட்டும் பாட்டியின் நெஞ்சில்தான் இருக்கிறது. முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி நூலாக்கியிருப்பது பெரும் தொண்டு. ஆயினும் ஏடு சொல்லைக் காக்கும்; குரலின் நடுக்கத்தையும், மூச்சு வாங்கும் இடத்தையும் காக்காது.

ஆகவே இன்றிரவே ஒன்று செய்யுங்கள். தொலைக்காட்சியையும் காற்றாடியையும் நிறுத்துங்கள். கைத்தொலைபேசியைப் பாட்டியின் வாய்க்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். "பாடுங்கள்" என்றால் கூச்சப்படுவார், "என் அம்மாவை எப்படித் தூங்கவைத்தீர்கள்?" என்று கேளுங்கள். வரி மறந்து நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். அந்த மௌனமும் பதிவாகட்டும். முடிந்ததும் அவர் பெயர், பிறந்த ஊர், வேலை பார்த்த தோட்டம், அன்றைய தேதி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரு பிரதியை வேறு வீட்டிலும் வைத்திருங்கள். ஒப்பாரியைக் கேட்பதானால் அவர் மனமறிந்து கேளுங்கள். நல்ல நாளில் அதைப் பாடச் சிலர் விரும்பமாட்டார்கள்.

குரல் கரகரக்கிறதே, சுதி விலகுகிறதே என்று எண்ண வேண்டாம். நாளை உங்கள் பேரப்பிள்ளை தேடப்போவது சுதியை அன்று. தன் வீட்டுக்கு இந்த மண்ணில் ஒரு குரல் இருந்ததா என்பதைத்தான்.