தோளுக்கு ஒரு மாற்று

மட்டாஞ்சேரியின் பஜார் சாலைக் கிடங்குகளில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியது மனிதத் தோளின் வலிமையினால்தான். அருகே ஃபோர்ட் கொச்சியில், தோபிகானா என்னும் சலவைக்கூடத்தில் துணியைக் கல்லில் அறைந்து வெளுத்து வருவோர் நம் தமிழ்க் குடும்பத்தினர். இவ்வாறு தோளை நம்பி வாழ்வோருக்கு அந்தத் தோளே பழுதுபட்டால் மாற்று உண்டா என்பதை இன்று ஆராய்வோம்.

தோள், கிண்ணத்தில் பந்து பொருந்தினாற்போன்ற மூட்டு. கிண்ணம் ஆழமற்றது, ஆதலால் கை எத்திசையிலும் சுழல்கிறது. பந்தை நிலைபெயராமல் பிடித்து வைப்பவை நான்கு தசைகளின் நாண்கள். எலும்பின் முனையிலுள்ள குருத்து தேய்ந்தாலும், இந்நாண்கள் அறுந்தாலும், இரவில் வலியால் உறக்கம் கெடும். தலை வாரவும் கை உயராது.

1893-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பேயான் என்னும் மருத்துவர், காச நோயால் தோள் மூட்டு அழிந்த ஒரு ரொட்டித் தொழிலாளிக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தினார். நோய் தணியாமையால் இரண்டாண்டுகளில் அதனை அகற்ற நேர்ந்தது. 1950-களில் நியூயார்க்கில் சார்லஸ் நீர் என்பார் உலோக மூட்டினால் வெற்றி கண்டார். ஆயினும், நாண்கள் அறுந்தோருக்கு அது போதிய பயன் தரவில்லை. 1985-இல் பிரான்சு நாட்டுக் கிராமோன் அந்த அமைப்பையே தலைகீழாக்கினார். பந்தைத் தோள்பட்டை எலும்பிலும், கிண்ணத்தைக் கை எலும்பிலும் வைத்தார். அறுந்த நாண்களின் வேலையைத் தோளின் மேற்புறத்துப் பெரிய தசை ஏற்றுக்கொண்டது.

இதன் பயனைக் கணக்குகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் 1998-இல் சுமார் 19,000 பேருக்கு நடந்த தோள் மாற்றுச் சிகிச்சை, 2008-இல் சுமார் 47,000 ஆயிற்று. 2017-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை தலைகீழ் முறையில் அமைந்தவை. எந்த மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதை அறிய, இங்கிலாந்தில் 2012 முதல் தேசியப் பதிவேட்டில் தோளையும் சேர்த்துள்ளனர். நம் நாட்டிலும், கொச்சி நகரத்து மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. செயற்கைத் தோள் வலியைப் போக்கும். உண்ணவும் உடுக்கவும் கையை உயர்த்தித் தரும். கனத்த பாரம் சுமக்க மருத்துவர் இசைவதில்லை. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்குக் கை திரும்பினாலும் தொழில் திரும்புவது அரிது. ஆகவே, இருக்கும் தோளைக் காப்பதே முதற்கடமை. சுமைத் தொழிலாளருக்கெனக் கேரளத்தில் 1978-இல் தனிச் சட்டம் பிறந்தது. ஒருவர் தூக்கும் உச்ச எடையை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைக்க அரசு 2021-இல் முடிவு செய்தது.

சட்டம் ஒருபுறமிருக்க, நாம் செய்யத்தக்கதும் உண்டு. நாண் அறுந்த புதிதில் தைத்துச் சேர்க்கலாம். நாட்பட்டால் தசை சுருங்கிக் கொழுப்பேறிவிடும், தைத்தாலும் ஒட்டுவது அரிது. தைலம் தடவி வாரக்கணக்கில் காத்திருத்தல் நன்றன்று. கை உயராமற்போன உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஒரு நாட்கூலி போவதை எண்ணித் தயங்கினால், வாழ்நாள் கூலியையே இழக்க நேரிடும்.