உக்கிய மரமும் காட்டுக் கரப்பானும்

பரந்தன் என்றவுடன் நேயர்களின் நினைவிற்கு வருவன, இரணைமடுக் குளத்து நீர் பாயும் நெல்வயல்களும், கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் கூடுகின்ற சந்தியும், ஒருகாலத்தில் அங்கு இயங்கிய இரசாயனத் தொழிற்சாலையுமே ஆகும். அச்சந்தியினின்று கிழக்கு நோக்கிச் செல்வோர் வயல்களையும் குடியேற்றங்களையும் கடந்து காட்டின் ஓரத்தை அடைவர். பாலையும் வீரையும் முதிரையும் வளரும் உலர்வலயக் காடு அது. அங்கு நிமிர்ந்து நிற்கும் மரங்களை எல்லோரும் காண்பர். விழுந்து கிடந்து உக்கிப் போகும் மரத்தைக் காண்போர் சிலரே. விறகுக்கு உதவாதது என்று அதனைத் தள்ளிவிடுவோரும், காணியைத் துப்புரவாக்குவதற்காக அதனைத் தீயிட்டு எரிப்போரும் உளர். ஆயின், அம்மரத்திற்கும் ஒரு குடித்தனம் உண்டு. அதன் உள்ளே வாழும் உயிர்களுள் ஒன்றே காட்டுக் கரப்பான்.

கரப்பான் என்றதும் முகஞ் சுளிப்பது மனித இயல்பு. கரப்பொத்தான் என்று யாழ்ப்பாணத்தார் அழைக்கும் அப்பூச்சி குசினியிலும் அலுமாரியிலும் புகுந்து செய்யும் தீங்கு எவரும் அறிந்ததே. ஆனால் ஒரு வீட்டில் திருடன் ஒருவன் புகுந்தமையால் ஊரார் அனைவரும் திருடர் ஆகார் அன்றோ? உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள கரப்பான் இனங்கள் ஏறத்தாழ 4,600. அவற்றுள் மனிதர் வீட்டை நாடி வருவன ஏறக்குறைய 30 இனங்கள் மாத்திரமே. எஞ்சியவை மனிதனின் சோற்றுப் பானையைக் கண்டறியாதவை. காட்டுச் சருகிலும் மண்ணிலும் மரத்திலும் தம் வாழ்நாளைக் கழிப்பவை.

அவற்றுள்ளும் மரத்தையே உணவாகக் கொள்ளும் இனங்கள் தனிச்சிறப்புடையன. பனெஸ்தியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வழியாக அவுஸ்திரேலியா வரை பரந்துள்ளன. கிரிப்டோசேர்கஸ் என்னும் மற்றொரு பேரினம் வட அமெரிக்காவின் மலைக்காடுகளிலும் கிழக்காசியாவிலும் வாழ்கிறது. மரத்தின் நார்ப்பொருளைச் சீரணிப்பது எளிதன்று. கிரிப்டோசேர்கஸ் கரப்பானின் குடலில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையில் அதற்குத் துணை நிற்கின்றன. இவ்வுறவை அமெரிக்க உயிரியலாளர் கிளீவ்லாந்து தம் கூட்டாய்வாளரோடு ஆராய்ந்து 1934 ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். கறையானின் குடலிலும் இதே வகை நுண்ணுயிர்கள் இருப்பது அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. கறையான் என்பதே கரப்பான் குலத்தின் ஒரு கிளைதான் என்பதனை 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதி செய்தது. வன்னியில் புற்றெடுத்து வாழும் கறையானும் உக்கிய மரத்துக் கரப்பானும் உறவினர் என்பது வியப்பன்றோ!

இப்பூச்சிகளை வீட்டிலே வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகின் பல நாடுகளிலும் உளர். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வாழும் பெருங்கரப்பான் அவர்கள் விரும்பி வளர்க்கும் இனங்களுள் ஒன்று. அது 8 சென்ரிமீற்றர் வரை நீண்டு, 30 கிராமுக்கு மேல் எடை கொள்ளும், சிறகில்லாதது, மண்ணில் ஒரு மீற்றர் ஆழம் வரை வளை தோண்டும், யூக்கலிப்டஸ் மரத்தின் காய்ந்த இலைகளை வளைக்குள் இழுத்துச் சென்று தானும் உண்டு, தன் குஞ்சுகளுக்கும் ஊட்டும். பத்து ஆண்டு வரை வாழக்கூடியது என்பர். நாயும் பூனையும் வளர்ப்போர் பெறாத ஒரு கல்வியை, இத்தகைய பூச்சியை வளர்ப்போர் பெறுகின்றனர். அது பொறுமை என்னும் கல்வி.

தமிழர் நிலத்திற்கு அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தென்னிந்தியாவின் புதர்க்காடுகளில் ஒரு கரப்பான் வாழ்கிறது. கறுப்பு மேலிறகின்மீது ஏழு பெரிய வெண்புள்ளிகள் இட்டது போன்ற தோற்றமுடையது. பகல் வெயிலில் சருகின் கீழும் இளகிய மண்ணிலும் புதைந்திருந்து, அந்தியில் வெளிவரும். இதற்கு 1758 ஆம் ஆண்டில் பெயரிட்ட இலின்னேயஸ் என்னும் பேரறிஞர், இதனை வண்டென்றே எண்ணி வண்டுகளோடு சேர்த்து வைத்தார். அவர் சூட்டிய பெயரில் இலண்டன் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெற்றிவரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுண் என்பார், 1690களில் அந்தப் பெற்றிவருக்கே தமிழகத்துச் செடிகொடிகளைச் சேகரித்து அனுப்பினார். அந்நாட்டவர் ஏளனம் செய்யாது ஆராய்ந்த இப்பூச்சி, இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்கிறது. அது பிறந்த மண்ணிலோ அதனை அறிந்தோர் மிகச் சிலர்.

வளர்க்கும் முறை கடினமானதன்று. ஆயின் கவனம் வேண்டும். மூடியில் சிறு காற்றுத் துளைகளுள்ள ஒரு பெட்டி போதுமானது. அதனுள் ஒரு சாண் ஆழத்திற்கு இலைமக்கும், கையால் நெரித்தால் பொடியாகும் உக்கிய மரமும், காய்ந்த சருகும் இட வேண்டும். பூச்சிகொல்லி தெளித்த தோட்டத்துச் சருகும், வர்ணம் பூசிய பலகையும் ஆகா. பெட்டியின் ஒரு பக்கத்தை ஈரமாகவும் மறுபக்கத்தை உலர்வாகவும் வைத்தால், தனக்கு உகந்த இடத்தைப் பூச்சியே தேர்ந்துகொள்ளும். காய்கறித் துண்டு இட்டால் பூஞ்சணம் பிடிக்குமுன் எடுத்துவிட வேண்டும். வன்னியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் மண் விரைவிற் காய்ந்துவிடும் ஆதலின், பெட்டியை நிழலிலே, ஈரச்சாக்கின் அருகிலே வைப்பது நலம். கரப்பானின் எச்சத்தூள் சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடும். எனவே பெட்டியைத் தொட்டபின் கைகழுவுதல் கட்டாயம்; தொய்வு நோயுள்ளோர் இவ்வேலையில் இறங்காதிருத்தலே நன்று.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் குறிப்பிடல் வேண்டும். பெட்டியை அடிக்கடி கழுவித் துடைத்து வைப்பவர், மரந்தின்னும் கரப்பானைக் கொன்றுவிடுவர். கிரிப்டோசேர்கஸ் கரப்பானின் குஞ்சு பிறக்கும்போது அதன் குடலில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. தாய் தந்தையரின் கழிவினின்றே அவற்றைப் பெறுகிறது. பெற்றோர் குஞ்சுகளை மூன்று ஆண்டோ அதற்கு மேலோ உடனிருந்து பேணுகின்றனர். அவர்களைப் பிரித்தால் குஞ்சு பிழைப்பதரிது. மனிதன் அழுக்கென்று அகற்றுவது அங்கே தாய்ப்பால் போன்றது. துப்புரவு என்னும் சொல்லுக்கு எல்லா உயிர்க்கும் ஒரே பொருள் இல்லை என்பதனை இச்சிறு பெட்டி கற்பிக்கிறது.

இக்கல்வியின் பெறுமதியை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடைபெற்றது. அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லோர்ட் ஹோவ் என்னும் சிறு தீவு இருக்கிறது. அங்கு வாழ்ந்த சிறகில்லா மரக்கரப்பான் அத்தீவுக்கே உரியது. 1918 ஆம் ஆண்டில் கரைதட்டிய கப்பல் ஒன்றிலிருந்து எலிகள் தீவில் இறங்கின. அதன்பின் அக்கரப்பான் அருகி, அயலிலுள்ள குட்டித் தீவுகளில் மாத்திரம் எஞ்சியதென்றும், தாய்த்தீவில் அழிந்தே போயிற்றென்றும் அறிஞர் முடிவு செய்தனர். 2019 இல் எலிகளை ஒழிக்கும் பெருமுயற்சி நடைபெற்றது. 2022 ஆம் ஆண்டில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஆலமரம் ஒன்றின் கீழ்க் கிடந்த கல்லைப் புரட்டினார். அங்கே ஒரு சிறு குடும்பமாக அக்கரப்பான்கள் உயிரோடிருந்தன! இத்தனை ஆண்டும் அவற்றைக் காத்தது அரசாணையன்று. எவரும் அசைக்காது விட்ட ஒரு கல்லும், அதனடியில் உக்கிய இலையுமே.

இப்பொழுதுபோக்கிற்கு இருண்ட பக்கமும் உண்டு. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் யால தேசிய பூங்காவில், இத்தாலி நாட்டவர் இருவர் கைதாயினர். அவர்கள் பிடித்துப் போத்தல்களில் அடைத்திருந்த பூச்சிகள் 92 இனங்களைச் சேர்ந்தவை. 2024 செப்டெம்பரில் நீதிமன்றம் அவர்களுக்கு விதித்த தண்டம் 6 கோடி ரூபா. காட்டைப் போத்தலில் அடைக்க முயல்வது பொழுதுபோக்கன்று, களவு. அவ்வாறே பிறநாட்டுக் கரப்பானை வருவித்து வளர்த்து, சலித்தபின் வயலிலோ காட்டிலோ விட்டுவிடுவதும் பெருந்தவறு. ஒரு கப்பலின் எலி ஒரு தீவுக்குச் செய்ததை நினைவிற்கொண்டால் இதன் கேடு விளங்கும்.

ஆகவே பரந்தனிலும் அதன் அயலிலும் வாழும் மாணவர்க்குப் பெட்டியிலும் சிறந்த வழி ஒன்று உண்டு. காட்டுக்குள் எவரும் செல்ல வேண்டியதில்லை. 2009 இல் முடிவுற்ற போர் இம்மண்ணில் புதைத்துச் சென்ற கண்ணிவெடிகளை அறிவிக்கும் எச்சரிக்கைப் பலகையை மதித்து நடப்பதே அறிவுடைமை. பாடசாலைத் தோட்டத்தின் நிழலான மூலை ஒன்றில், வெட்டிய மரத்துண்டு ஒன்றை மண்ணிற் கிடத்தி, மேலே சருகு பரப்பி விட்டால் போதும். மாரிமழை அதனை நனைக்கும், பூஞ்சணம் படரும், கறையானும் மரவட்டையும் கரப்பானும் அழையாமலே வந்து குடியேறும். திங்களுக்கு ஒருமுறை ஆசிரியரின் துணையோடு, கையுறை அணிந்து, தடியொன்றால் மரத்தை மெல்லப் புரட்டிப் பார்க்கலாம். தேளும் பாம்பும் அங்கு தங்கக்கூடும் ஆதலின் அவதானம் வேண்டும். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதியபின், மரத்தை முன்பு கிடந்தவாறே திருப்பி வைத்துவிட வேண்டும்.

அம்மரம் சில ஆண்டுகளில் கரைந்து கறுத்த மண்ணாகும். அம்மண்ணில் ஒரு பாலை விதை முளைக்குமாயின், அதற்கு எருவிட்டவர்களுள் எவரும் விரும்பாத அந்தக் கரப்பானும் ஒருவர் என்பதனை அம்மாணவர் அறிவர். காணியைத் துப்புரவாக்கத் தீப்பெட்டியை எடுக்கும் பெரியவரிடம், ஒரு மரத்தையேனும் விட்டுவையுங்கள் என்று அன்று அவர்களே சொல்வர்.