அம்மாவின் டம்ளர்



நல்ல சிறுகதைக்கு அடிப்படையாக என்னென்ன வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நாங்கள் களத்தில் அறிக்கை எழுதிப் பழகியவர்கள். ஓர் ஊரில் வன்கொடுமை நடந்தால் தேதி, நேரம், சாட்சி, சட்டப்பிரிவு என்று ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு வருவோம். ஒன்று விட்டுப்போனாலும் வழக்குக்குச் சேதம். அதே கையோடு கதை எழுத உட்கார்ந்தோம்; எங்கள் ஆரம்பக் கதைகள் பல மனுவாகவே நின்றுவிட்டன.

கம்பத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. ஒரு மாணவி கதை கொண்டுவந்தாள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாவின் கதை. கூலி, மலைப்பாதை விபத்து, கங்காணியின் ஏச்சு, கடைசியில் ஒரு மேடைப்பேச்சு. நாலு பக்கத்தில் எல்லாம் இருந்தது, அம்மாவைத்தான் காணோம்.

"தூக்குவாளியோட அம்மா வேற என்னம்மா கொண்டுபோவாங்க?" என்று கேட்டோம்.

"ஒரு எவர்சில்வர் டம்ளர்."

"எதுக்கு?"

"டீக்கடை கிளாஸ் கை சுடுதுன்னு சொல்லும்."

சொன்னவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். தனிக் குவளையை அறிந்த அந்த வகுப்பில் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

திருத்தி எழுதிய கதையில் ஒரே ஒரு காலைப்பொழுது. ஜீப் நிற்கும் டீக்கடை. கூடப் போகும் பத்து வயது மகளின் பார்வை. டம்ளரை எடுத்துவைக்க மகள் மறந்துவிட்டாள். குளிரில் எல்லோரும் டீ குடிக்கிறார்கள். அம்மா, "வயிறு சரியில்லடி" என்கிறாள். ஜீப் கிளம்புகிறது. பாத்திரம், களம், முரண், உரையாடல், பார்வைக்கோணம், முடிவு என்று பாடப்புத்தகம் பிரித்துச் சொல்லும் அத்தனையும் அந்த டம்ளரைச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டன.

வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கத்துக்காரரான பாமாவின் 'அண்ணாச்சி' கதையையும் படித்துப் பாருங்கள். ஆதிக்கச் சாதி முதலாளியை ஒரு தலித் இளைஞன் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிடுகிறான். அந்த ஒரு சொல்லில் ஊர்ப் பஞ்சாயத்தே கூடுகிறது. முறை சொல்லிக் கூப்பிடுவதில் எவ்வளவு சாதி இருக்கிறது என்பதைப் பாமா கிண்டலோடு, அந்த மண்ணின் பேச்சிலேயே காட்டிவிடுகிறார்.

"மேடைப்பேச்சை எடுத்தால் அரசியலும் போய்விடாதா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மேடைப்பேச்சு வரும் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகத் தெரிந்த வாசகர் உண்டு. குளிரில் அந்த அம்மா ஏன் டீ வேண்டாமென்றாள் என்ற கேள்வியை அவரால் அப்படித் தள்ள முடியாது; பதிலை அவரே சொல்லிக்கொள்ள வேண்டும். வழக்குக்கு அறிக்கை வேண்டும்தான், அதை நாங்கள் தொடர்ந்து எழுதுவோம். கதையை அறிக்கையின் வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்கிறோம், அவ்வளவுதான்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினாயா என்று பிறகு அந்த மாணவியைக் கேட்டோம்.

"காட்டுனேன். 'என் பேரைப் போட்டிருக்கியா'ன்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். 'போடு'ன்னுருச்சு."