வேறொருவர் வீட்டுக்கு வந்த சம்மன்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, பள்ளிக் கட்டடம் ஆகியவை பற்றி இம்முகாமில் விரிவாகப் பேசப்பட்டது. நாம் இப்பொழுது எடுத்துக்கொள்ளும் பொருள் அவற்றைப்போல் கண்ணுக்குத் தெரிவதன்று. ஒரு காகிதத்தைப் பற்றியது. கோர்ட்டிலிருந்தோ வக்கீலிடமிருந்தோ புறப்பட்ட காகிதம், சேர வேண்டியவர் வீட்டை அடையாமல் வேறொருவர் வீட்டை அடைந்துவிட்டால் செய்ய வேண்டியது யாது என்பதே அது. சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் இதனால் ஒரு குடும்பத்தின் நிலம் ஏலத்திற்குப் போய்விடக்கூடும்.

நம் கிராமங்களில் இது நேர்வதற்குக் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். ஊர்த் தெய்வத்தின் பெயரைப் பலரும் தாங்கியிருப்பர். ஒரே தெருவில் மூன்று கந்தசாமிகள் இருப்பர். சில வேளை முதலெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடும். ஊரார் அவர்களை மேட்டு வீட்டார், களத்து வீட்டார், கிணற்றடியார் என்று பிரித்தறிவர். கோர்ட்டுக் காகிதத்திலோ அவ்வீட்டுப் பெயர் இராது. கர்ணம் இருந்த நாளில் அவரைக் கேட்டால் மூன்று தலைமுறையையும் ஒப்பிப்பார். அப்பதவி 1980-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. பழைய ஏற்பாடே நன்று என்று கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதிலிருந்த குறைகள் வேறு. போதாக்குறைக்கு, நிலத்துக்குரியவர் பிழைப்பை நாடித் திருப்பூருக்குக் குடிபெயர்ந்திருப்பார். முகவரி மட்டும் ஊரிலேயே தங்கியிருக்கும்.

சம்மனை எவ்வாறு சேர்ப்பிக்க வேண்டுமென்பதை 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் வகுத்துள்ளது. இயன்றவரையில் பிரதிவாதியின் கையிலேயே தர வேண்டும். அவர் வீட்டில் இல்லை, நியாயமான காலத்திற்குள் திரும்பும் வாய்ப்பும் இல்லை, அவர் சார்பில் பெற்றுக்கொள்ள அதிகாரம் பெற்றவரும் இல்லை என்றால், அவருடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தினர் எவரிடமும் தரலாம். ஆணாயினும் பெண்ணாயினும் ஒன்றே. வேலையாள் குடும்பத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படமாட்டார் என்று சட்டமே தெளிவாகக் கூறுகிறது. ஆகவே பண்ணையாளிடமோ, அண்டை வீட்டாரிடமோ கொடுத்துச் செல்வது முறையான சேர்ப்பு ஆகாது. கிரிமினல் வழக்குகளில் முன்னர் வயது வந்த ஆண்மகனிடம் மட்டுமே தரலாம் என்றிருந்தது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அவ்வேறுபாடும் நீங்கிவிட்டது. ஆகவே வீட்டுப் பெண்டிரும் இவ்விஷயங்களை அறிந்திருத்தல் அவசியமாகிறது.

இங்கே நம் ஊர்ப் பண்பாடு ஒன்று குறுக்கே நிற்கிறது. "அவர் நமக்கு வேண்டியவர்தானே, கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்" என்று பிறருக்கு வந்த காகிதத்திற்குக் கையொப்பமிட்டு வாங்குகிறோம். திருமண அழைப்பிதழுக்கு அது பொருந்தும்; சம்மனுக்குப் பொருந்தாது. நாம் இடும் கையொப்பத்தைக் கண்டு, உரியவருக்கே சேர்ந்துவிட்டது என்று கோர்ட்டார் எண்ணிவிடக்கூடும். உதவி செய்வதாக எண்ணி அண்டை வீட்டுக்காரரின் கழுத்தில் சுருக்கு மாட்டியவர்களாவோம்.

அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. பிரதிவாதி அகப்படவில்லையென்றாலும், வாங்க மறுத்தாலும், கோர்ட்டு அமீனா சம்மனின் நகலை அவர் வசிக்கும் வீட்டின் வெளிக் கதவிலோ எடுப்பான வேறிடத்திலோ ஒட்டிவிட்டுச் செல்லலாம். அப்பொழுது அந்த வீட்டை அடையாளம் காட்டியவர் யார், எவர் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று பெயரும் முகவரியும் குறித்து அவர் கோர்ட்டுக்கு அறிக்கை தர வேண்டும். வெளியூரிலிருந்து வரும் அமீனா யாரைக் கேட்பார்? பஞ்சாயத்து அங்கத்தினரைத்தான் கேட்பார். "கந்தசாமி வீடா? அதோ அந்த ஓட்டு வீடு" என்று திண்ணையில் அமர்ந்தபடியே கை நீட்டிக் காட்டுவது தகாது. காகிதத்தை வாங்கித் தகப்பனார் பெயர், கதவு எண், நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றைப் படித்துப் பார்த்த பின்னரே காட்ட வேண்டும். ஐயமிருந்தால் ஐயமென்றே கூறிவிடலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. பிற்காலத்தில் தகராறு எழுந்தால் அங்கத்தினரையே சாட்சியாக அழைக்க நேரிடலாம்.

எவ்வாறு கேடு விளைகிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இரண்டு ஏக்கர் நஞ்சை உடைய விவசாயி ஒருவர் பிராமிசரி நோட்டு எழுதிக் கடன் வாங்குகிறார். பாதியைத் திருப்பிக் கட்டுகிறார். வரவு எழுதி வாங்கவில்லை. கடன் கொடுத்தவர் முழுத் தொகைக்கும் தாவா போடுகிறார். சம்மன் அதே பெயருடைய வேறொருவர் வீட்டிற்குச் செல்கிறது. அவர் கையொப்பமிட்டு வாங்கி, விஷயம் புரியாமல், கூரை இறவாணத்தில் செருகிவிட்டு நாற்று நடவுக்குப் போய்விடுகிறார். வாய்தா நாளில் பிரதிவாதி ஆஜராகவில்லை. கோர்ட்டு ஒருதலையாக விசாரித்து முழுத் தொகைக்கும் டிக்ரி அளிக்கிறது. பின்னர் நிலம் ஜப்தி செய்யப்பட்டு ஊரில் தமுக்கு அடிக்கப்படும்பொழுதுதான் உண்மையான கந்தசாமி செய்தியை அறிகிறார். பாதிக் கடனைக் கட்டியதற்குச் சாட்சிகள் இருந்தனர். சொல்வதற்குரிய காலத்தில் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று.

இவருக்கு வழியே இல்லையா? உண்டு. சம்மன் முறைப்படி சேரவில்லை என்று காட்டினால் அந்த டிக்ரியை ரத்துச் செய்யும்படி அதே கோர்ட்டில் மனுச் செய்யலாம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இதற்குரிய காலம் 30 நாட்கள். சம்மன் முறையாகச் சேராதவருக்கு, டிக்ரி பற்றி அவர் அறிந்த நாள் முதலே இந்த 30 நாட்கள் கணக்கிடப்படும். பத்திரிகையில் விளம்பரம் செய்து சம்மன் சேர்ப்பிக்கப்பட்டிருந்தாலும் இக்கணக்கே பொருந்தும். தாமதம் நேர்ந்தால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கோரலாம். ஆனால் அதை நம்பி அறுவடை முடியட்டும் என்று காத்திருப்பது அறிவுடைமையன்று. மனுச் செய்ததனாலேயே ஏலம் நின்றுவிடாது. அதை நிறுத்தி வைக்கும்படி தனியே உத்தரவு கேட்டுப் பெற வேண்டும். அன்னியர் ஒருவர் ஏலத்தில் எடுத்துவிட்டால் பின்னர் டிக்ரி ரத்தானாலும் நிலத்தை மீட்பது எளிதன்று.

இனி, நம்மில் பலர் கொண்டிருக்கும் தவறான எண்ணம் ஒன்றைப் பற்றியும் கூற வேண்டும். "காகிதம் என் கைக்கு வரவில்லை, ஆகையால் என்னை ஒன்றும் செய்ய முடியாது" என்று சிலர் வாளாவிருப்பர். தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கையில், "உம் பேரில் வழக்காமே, சம்மன் அடுத்த தெருவில் கிடக்கிறதாமே" என்று ஒருவர் சொன்ன பின்னரும் அசையமாட்டார்கள். சம்மன் சேர்த்ததில் முறைக்கேடு இருந்தது என்ற ஒரே காரணத்தால் டிக்ரி ரத்தாகாது. வழக்கின் தேதியைப் பிரதிவாதி அறிந்திருந்தார், ஆஜராகப் போதிய அவகாசமும் இருந்தது என்று கோர்ட்டு கருதினால் மனு தள்ளுபடியாகும். ஆகையால் செய்தி காதில் விழுந்த அன்றே கோர்ட்டுக்குச் சென்று விசாரிப்பதே முறை. வாங்க மறுப்பது இதனினும் கேடானது. தபால்காரர் "வாங்க மறுத்தார்" என்று எழுதித் திருப்பினால் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். ஒளிந்துகொள்வதால் வழக்கு ஒளிந்துகொள்வதில்லை.

காசோலை விவகாரத்திலும் இவ்வாறே. காசோலை பணமின்றித் திரும்பினால், அச்செய்தி பாங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் செலுத்தினால் குற்றமில்லை. நோட்டீஸ் வேறு வீட்டிற்குப் போயிற்று என்பவர், கோர்ட்டுச் சம்மன் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தித் தப்பலாம் என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. அவ்வாறு செலுத்தாதவர் நோட்டீஸ் வரவில்லை என்று வாதாடிப் பயனில்லை.

பிறருடைய காகிதம் நம் வீட்டிற்கு வந்துவிட்டால் செய்ய வேண்டியது எளிது. தபாலில் வந்ததாயின் உறையைப் பிரிக்காமல், "இப்பெயருடையவர் இம்முகவரியில் இல்லை" என்று எழுதச் செய்து தபால்காரரிடமே திருப்பிவிட வேண்டும். அமீனா கொண்டு வந்தால், தாம் அந்த நபர் அல்லர் என்பதைக் கூறி, அவ்வாறே குறிக்கும்படி கேட்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்ததால் தெரியாமல் வாங்கிப் பிரித்துவிட்டால் கிழித்தெறியலாகாது, அடுப்பில் இடலாகாது. காகிதத்தில் கண்ட கோர்ட்டுக்கு, வழக்கு எண்ணையும் வாங்கிய தேதியையும் குறித்து, "இது எனக்குரியதன்று" என்று ஒரு கடிதத்துடன் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பிய ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துவது நலம். உரியவர் இன்னாரென்று தெரிந்தால் அவரிடமும் வாய்மொழியாகச் சொல்லிவிடலாம். சம்மன் கிடைத்தவர் 30 நாட்களுக்குள் எதிர்வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டியிருத்தலால், ஒவ்வொரு நாளும் அவருக்குப் பெறுமதியுடையது.

பஞ்சாயத்து அலுவலகத்திற்குத் தவறி வரும் காகிதங்களையும் வரவுப் பதிவேட்டில் தேதியிட்டுப் பதிந்த பின்னரே திருப்ப வேண்டும். மேசை இழுப்பறையில் போட்டு வைத்தல் கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் குழு தாலுகா அளவில் உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலே இலவச உதவி கிடைக்கும். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். செல்லும்பொழுது காகிதத்தையும், அது வந்த உறையையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். உறையின் மேலுள்ள தபால் முத்திரைத் தேதி பல வேளைகளில் பயன்படும்.