இரண்டு விசாரணைகள், ஒரே சேதுபதி



புனித அருளானந்தரின் வாழ்க்கைக் குறிப்பை உங்கள் முன் ஒப்பிக்கத் தேவையில்லை. 1647இல் லிஸ்பனில் பிறந்து, இளவரசர் பேத்ருவின் பணியில் அரண்மனையில் வளர்ந்தவர், 1662இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் கோவா வந்து மதுரை மிஷனில், காவி உடுத்த பண்டார சுவாமியானார். அந்த மிஷனைத் தொடங்கிய நொபிலி அந்தணத் துறவியாக வாழ்ந்த வழியைவிட இந்தக் காவிக்கோலம் எளிய சாதியாரிடம் தடையின்றிப் பழக இடம் கொடுத்தது. அவருடைய பணியின் வேர் அங்கேதான் என்பது என் துணிபு.

இந்தக் கருத்தரங்கிடம் ஒரு கேள்வியை வைக்கிறேன். 1686இல் மறவர் நாட்டில் அருளானந்தரைப் பிடித்துக் கொடுமையாக வதைத்தார்கள். இராமநாதபுரத்தில் அவரை விசாரித்த மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதி, இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார். ஏழாண்டு கழித்து, அதே சேதுபதியின் ஆட்சியில், ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. இடையில் நடந்தது என்ன?

ஐரோப்பா போயிருந்த அருளானந்தர், அங்கேயே இருந்துவிடும்படி போர்த்துக்கல் அரசர் கேட்டும் கேளாமல் திரும்பி வந்தார். தடையை மீறினார் என்பது உண்மை. ஆனால் நாட்களைப் பாருங்கள். 1693 ஜனவரி 6 அன்று தடியத்தேவருக்குத் திருமுழுக்கு. 8ஆம் தேதி கைது. தடியத்தேவர் சேது நாட்டு ஆட்சிக்கு உரிமையுள்ளவர் என்று மக்கள் மதித்த தலைவர். அவர் ஒரு மனைவியோடு மட்டும் வாழ ஒப்பி, மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. எளியவர்கள் மனம் மாறியவரையில் பொறுத்த அரசு, அரியணைப் போட்டியும் குடும்ப மானமும் ஒன்றாகக் கலந்ததும் வாளெடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

கடலாயியை நம் மேடைகள் சூழ்ச்சிக்காரியாகவே காட்டி வந்திருக்கின்றன. தாலி கட்டிய வீட்டிலிருந்து திடீரென்று வெளியேற்றப்பட்ட பெண், தன் பிறந்த வீட்டாரிடம் நீதி கேட்டாள். அவளுக்கு வேறு யாரிடம் போக முடிந்திருக்கும்? இதைக் கேட்பதால் அருளானந்தரின் தியாகம் ஒரு துளியும் குறையாது. இறப்பதற்கு முந்தின நாள், பிப்ரவரி 3 அன்று, ஓரியூர்ச் சிறையில் கரியை மையாக்கி மிஷன் தலைவர் லாய்னெஸுக்கு அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. இறைச் சட்டத்தைப் போதித்ததும் சிலை வணக்கத்தை மறுத்ததுமே தம் குற்றம் என்கிறார். சாவின் விளிம்பில் நின்றவர் எழுத்தில் நடுக்கம் இல்லை. தம் சாவுக்கு அவர் அறிந்த பொருள் அதுதான். அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

அரண்மனை அறிந்த பொருளையும் நாம் தேட வேண்டும். மிஷன் கடிதங்களைச் சேதுபதி செப்பேடுகளோடும் மறவர் நாட்டு வாய்மொழி வழக்குகளோடும் பக்கத்தில் வைத்துப் படிக்க இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். போர்த்துக்கீசியமும் தமிழும் ஒருசேரக் கற்றவர்கள் இன்று மிகக் குறைவு. அந்தப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகங்கள் வழிசெய்ய வேண்டும் என்று இந்த அவையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.