கல்விக்கூடத்து உழைப்பாளரும் உடன்படிக்கை உரிமையும்

(கடத்தூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தருமபுரி மாவட்டக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குள் அடங்கியவை. நம் பிள்ளைகள் பட்டம் பெறுகின்றனர், மகிழ்கிறோம். அப்பட்டத்தை எழுதியவன் யார்? தேர்வுத்தாளைக் கட்டியவன் யார்? கூடத்தைப் பெருக்கியவள் யார்? அவர்களை எண்ணிப் பார்க்கின்றோமா?

கூலத்தை, அஃதாவது தவசத்தை, உழைப்புக்கு ஈடாகக் கொடுத்ததனாலேயே கூலி என்னும் சொல் பிறந்தது. அது கைம்மாறு, இரந்து பெறுவதன்று. ஆயினும் கல்விக்கூடத்தில் உழைப்பவன் கூலிபற்றி வாய் திறந்தால், “இது தொழிற்சாலை அன்று, கல்விக் கோயில்!” என்று அடக்குகின்றனர்.

இவ்வடக்குமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகம் மாணவியர்க்கெனப் பேருந்துகளை ஓட்டியது. இழப்பு நேர்கின்றதென்று அவற்றை நிறுத்தி, ஓட்டுநர்களை வெளியேற்றியது. அவர்களுக்கு இழப்பீடு தருமாறு தொழில் தீர்ப்பு மன்றம் கூறிற்று. உச்ச முறைமன்றமோ 1963-இல், கல்வி புகட்டல் தொழிலன்று என்று கூறி, அவ்விழப்பீட்டையும் பறித்தது. கல்வி தூயதே, நாம் மறுக்கவில்லை. அத்தூய்மைக்கு ஓட்டுநனின் வயிறா விலை?

பதினைந்தாண்டுகள் கழிந்தன. 21-2-1978 அன்று, பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில், எழுவர் அமர்ந்த அதே மன்றம் முன்னைத் தீர்ப்பைத் தள்ளிப் பல்கலைக்கழகமும் தொழிலகமே என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நடுவர் கிருட்டிணய்யர். ஆசிரியர் ‘தொழிலாளர்’ என்னும் வரையறைக்குள் வாரார் என 1988-இல் முடிவாயிற்று. எழுத்தர், ஓட்டுநர், துப்புரவாளர், தோட்டக்காரர் ஆகியோர்க்குத் திறந்த கதவோ அடைபடவில்லை.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே நுழையக் காலும் வேண்டும்; அக்கால் ஒற்றுமை. 21-11-2025 முதல் நடுவணரசின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பல தொழிலாளர் மன்றங்கள் உள்ள இடத்தில், நூற்றுக்கு 51 பேரைத் தன்பால் கொண்டதே தனித்துப் பேசும் உரிமையுடையது. எதற்கும் அவ்வளவு வலிவில்லையெனில், நூற்றுக்கு 20 பேருக்குக் குறையாத மன்றங்கள் குழுவாகப் பேசவேண்டும். வேலைநிறுத்தத்திற்கும் 14 நாள் முன்னறிவிப்புக் கட்டாயம். எனவே, கட்சிக்கொன்றும் சாதிக்கொன்றுமாகச் சிதறி நிற்பவர், பேச்சு தொடங்குமுன்பே தோற்றவராவர்!

இன்னொன்றையும் உள்ளத்தில் பதியுங்கள். உடன்படிக்கை இருவகை. மேலாண்மையும் மன்றமும் தமக்குள் எழுதிக்கொள்வது, அவ்விருவரை மட்டுமே கட்டும். அரசின் இணக்க அலுவலர் முன்னிலையில், இணக்கப் பேச்சின்வழி எழுதப்படுவது, அன்றுள்ள தொழிலாளர் அனைவரையும், நாளை பணியில் சேர்பவரையும் காக்கும். ஆதலின் விரைந்து முடிப்பதாகச் சொல்லி அறைக்குள் அழைத்தால் மயங்காதீர்! பின்னதையே கேளுங்கள்.

அவ்வுடன்படிக்கையும் தமிழில் இருக்கட்டும். துப்புரவுப் பணி செய்யும் தாய்க்குப் படித்துக் காட்டி, அவள் “விளங்கிற்று” என்ற பின்னரே கைந்நாட்டுப் பெறுங்கள். விளங்காத தாளில் இட்ட கைந்நாட்டு உடன்பாடாகாது; அது ஏமாற்று!

ஒன்றுபடுவோம், உரிமை பெறுவோம்!