தண்ணீரில் மூழ்கிய ராணி

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகம். அங்கே சப்ரினா ரோண்டோ என்ற பெண் விஞ்ஞானி பம்பிள் தேனீக்களை ஆராய்ந்தார். உருண்டையான, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த தேனீ அது.

குளிர்காலம் வரும்போது கூட்டில் எல்லாத் தேனீக்களும் இறந்துவிடும். இளம் ராணிகள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு ராணியும் தனியாக மண்ணுக்குள் போய் உறங்கும். விதைநெல்லைப் போல. அடுத்த தலைமுறை முழுவதும் அந்த ஒரு ராணிக்குள்தான்.

சப்ரினா அந்த ராணிகளை மண் நிரப்பிய குழாய்களில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்திருந்தார். ஒருநாள் பார்த்தால், சில குழாய்களில் தண்ணீர் தேங்கி, ராணிகள் மூழ்கிக் கிடக்கின்றன. செத்துவிட்டன என்றே நினைத்தார். தண்ணீரை வடித்தார். கால்கள் மெல்ல அசைந்தன! உயிரோடு இருந்தன.

தற்செயல் என்று அவர் விட்டுவிடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ராணிகளை வைத்துச் சோதித்தார். ஒரு வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தவற்றிலும் பெரும்பாலானவை பிழைத்தன. ஆமாம், ஒரு வாரம். 2024இல் இந்த ஆய்வு வெளியானது. தற்செயல் என்று தள்ளிவிடாத இந்தக் கவனம்தான் நல்ல விஞ்ஞானிக்கு அழகு.

எப்படிப் பிழைத்தன? உறக்கத்தில் உடலின் இயக்கம் மிகவும் குறைந்துவிடுகிறது. கொஞ்சம் ஆக்ஸிஜனே போதும்.

வசந்தத்தில் அந்த ராணி எழுந்து, தன்னந்தனியாகப் புதுக் கூடு கட்டும். இந்தத் தேனீக்களின் உழைப்பு நமக்கும் உதவுகிறது: குளிர் நாடுகளில் கண்ணாடிக் குடில்களில் விளையும் தக்காளிக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது பெரும்பாலும் பம்பிள் தேனீக்களே.